அம்பு ஒட்டிய பக்கம்

திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனியின் செக்கிங் மேசையில் சீனித்தாய் அக்கா நின்றால் மணிக்கு நூறு டி-ஷர்ட்டாவது பார்த்துத் தள்ளுவார். பார்ப்பார் என்பதைவிடத் தடவுவார் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைச் சட்டையை உட்புறம் திருப்பிப் போட்டு, தோள் தையலில் தொடங்கி, கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று வலது கையின் இரண்டு விரல்களை ஓட்டுவார். தையல் விட்ட இடத்தில் விரல் நின்றுவிடும். மேசையோரம் இருக்கும் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து, அம்பின் முனை கோளாறைக் காட்டும்படி ஒட்டி, இடப்பக்கம் போடுவார். அந்தப் பீஸ் ஆல்டருக்குப் போகும். தைத்தவரிடமே திரும்பிப் போய், பிரித்துத் தைக்கப்பட்டு, மறுபடி இவர் விரலுக்கு வரும். அம்பு ஒட்டும்போது அவர் யாரையும் திட்டியதில்லை.

"நான் எதுக்குத் தொண்டையக் காயப்போடணும்? அதான் அம்பு இருக்குல்ல" என்பார்.

நான் அதே கம்பெனியில் செக்கிங் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை நீட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. 2005இல் பி.காம். முடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சாயப்பட்டறை வேலை. அவர் நகக்கண்களில் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இந்த வேலை கொஞ்ச நாளைக்குத்தான், வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு முறை தேர்வெழுதித் தோற்றிருந்தேன்.

சீனித்தாய் அக்காவுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கியே விரல்களுக்கு அந்த வேகம் வந்தது என்று அவரே சொல்வார். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் அறிவொளி வகுப்பு நடந்தபோது பத்து நாள் போயிருக்கிறார். "எம்பேரு எழுத வந்துச்சு. மத்த எழுத்துக்கு வாரதுக்குள்ள வாத்தியாரம்மாவுக்குக் கல்யாணம் கூடிருச்சு. அவ மாப்பிள்ள ஊருக்குப் போயிட்டா, எங்க படிப்பும் அவகூடயே போயிருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். தொண்ணூற்றாறில் கணவர் பெருமாள்சாமியுடன் திருப்பூர் வந்தார். கணவருக்குத் துணி உருளை ஏற்றி இறக்கும் வேலை. ஒரே மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்குக் கொலைக் கதைகள் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்றால், ராஜபாண்டியால்தான். ராஜபாண்டி எங்கள் கம்பெனியில் டெய்லர். மாதம் ஒரு நாவல் என்று கையடக்கமாக வரும் புத்தகத்தைப் பழைய பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கி வருவான். சாப்பாட்டு நேரத்தில் அதை உரக்க வாசிப்பது என் பொறுப்பாகிவிட்டது. சீனித்தாய் அக்கா, நூல் பிசிறு வெட்டும் ரங்காத்தாள் அக்கா, ராஜபாண்டி, நான் என்று நாலு பேர் அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருப்போம். சூப்பர்வைசர் மருதாசலம் சற்றுத் தள்ளிக் கணக்குப் பார்ப்பதுபோல் நின்று காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார்.

2007 ஜனவரியில் வந்த நாவலின் பெயர் 'கடைசியாய் உடுத்தியது'. ஆதிரா, நந்தகோபால் என்று அக்காவும் தம்பியும் அதில் துப்பறிகிறார்கள். இறந்தவரின் உடையைத் தொட்டுக் கண்ணை மூடினால் ஆதிராவுக்குக் கொலை நடந்த காட்சி தெரியும். தம்பி அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய் சாட்சியம் தேடுவான். போலீஸ்காரர்கள் வெளியே கேலி செய்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து இவர்களிடம் உதவி கேட்பார்கள். வாய்க்காலில் ஒரு இளம்பெண்ணின் உடல் கிடைக்கிறது. வெள்ளைச் சுடிதார். ஆதிரா அதைத் தொடுகிறாள், கொலைகாரனின் கையில் ஒரு மோதிரம் தெரிகிறது. கடைசியில் ஊரே கும்பிடும் டாக்டர்தான் கொலைகாரன் என்று முடிகிறது. ஐந்து நாள் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து முடித்தேன்.

முடித்ததும் வழக்கம்போல விவாதம் தொடங்கியது.

"அந்தப் பொம்பளைய நம்ம கம்பெனிக்குக் கூட்டியாரணும். போன வாரம் என் கத்தரி காணாமப் போச்சுல்ல, மிஷினைத் தொட்டா ஆள் யாருன்னு சொல்லிரும்" என்றான் ராஜபாண்டி.

"உன்ர கத்தரியை நீயே எங்காச்சும் வெச்சுப்போட்டு அந்தம்மா தலையில போடாத" என்றார் ரங்காத்தாள் அக்கா. "எனக்கு இது ஒண்ணும் அதிசயமாத் தெரியலீங்க. எங்க ஊர்ல வெள்ளிக்கெழமை அருள்வாக்கு சொல்றவங்க இதைவிட நல்லாச் சொல்லுவாங்க. அதுக்குத் துணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எலுமிச்சம்பழம் போதும்."

மருதாசலம் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏனம்மிணி, டாக்டர்ங்கறது எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சுங். நல்லவனா வர்றவன்தானுங்க எப்பவும் பண்ணுவான்."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்ல சார், மூணு நாள் மிச்சமாயிருக்கும்" என்றான் ராஜபாண்டி.

சீனித்தாய் அக்கா தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதற்காகவே நான் வேகமாக வாசித்த நாட்கள் உண்டு.

"ஏன் தாயி, கொன்னவனுக்குப் பேரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுங்கக்கா. டாக்டர் சபேசன்."

"கண்டுபிடிச்சவுகளுக்குப் பேரு இருக்கு. அந்த இன்ஸ்பெக்டருக்கு இருக்கு. டாக்டரு வீட்டு நாய்க்குக்கூட ஒரு பேரு வாசிச்சியே?"

"டைகர்."

"செத்தவ பேரு என்ன?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'அந்த இளம்பெண்' என்றுதான் இருந்தது.

"பேரே இல்லீங்கக்கா."

"நாய்க்கு இருக்கு, அவளுக்கு இல்ல. எழுதுனவருக்கு மை தீந்துபோச்சாக்கும்" என்றார். "அவ சட்டையத் தொட்டா கொன்னவன் மோதரம் மட்டுந்தான் தெரியுமா? அது அவ போட்டிருந்த துணிதான? காலையில அவ என்ன தின்னா, யாரைப் பாத்துச் சிரிச்சா, அறுந்த பொத்தானை எந்த நூல்ல தச்சுக்கிட்டா, அதெல்லாம் துணியில இருக்காதா? இந்த ஆதிராவுக்கு விரல் இருக்கு, ஆனா செக்கிங் தெரியல. நம்மகிட்ட வந்து ரெண்டு நாள் நிக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலம்கூட. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வார்த்தைகள் அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டன.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அந்த மாத நாவலின் 'வாசகர் மேடை' பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அக்கா சொன்னதுதான் முழுவதும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கினேன், அவ்வளவுதான். 'நாய்க்குப் பெயர் வைத்த எழுத்தாளர், இறந்தவளுக்கு ஒரு பெயர் வைக்க மறந்துவிட்டார். உடையைத் தொட்டால் கொன்றவனின் மோதிரம் மட்டுமா தெரியும்? அந்தப் பெண் அறுந்த பொத்தானை எந்த நூலில் தைத்துக்கொண்டாள் என்பதும் தெரிய வேண்டாமா?' என்று போனது கடிதம். அடித்துத் திருத்தி எழுதிய முதல் படியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'இது எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அம்மா சொன்ன கருத்து.' நல்ல தாளில் எடுத்தெழுதும்போது அந்த வரி இடித்தது. கடிதத்தின் ஓட்டம் கெடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விட்டுவிட்டேன். கீழே 'அ. அனுசுயா, பி.காம்., வேலம்பாளையம்' என்று எழுதினேன்.

ஓட்டம் கெடுகிறது என்று நான் உண்மையிலேயே நினைத்தேனா? இந்தக் கேள்வியை அதன்பிறகு எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மைக்கு அருகில் வருகிறது. பட்டம் வாங்கி இரண்டு வருடமாகியும் அதை எங்குமே பயன்படுத்தவில்லை. எனக்குக் கையெழுத்து அழகு. ஆனால் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அக்காவிடம் சொல்ல இருந்தது.

பங்குனியில் தபாலில் புத்தகம் வந்தது. என் கடிதத்துக்கு அந்த மாதத்தின் சிறந்த கடிதம் என்ற பரிசு. ஆறு மாதத்துக்கு நாவல் வீடு தேடி இலவசமாக வரும். அப்பா சட்டைப்பையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். புத்தகத்தின் மூலைகளில் சாய நீலம் ஒட்டியிருந்தது.

அதைக் கம்பெனிக்கு ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. ராஜபாண்டி பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தான். அவன் இல்லாத அன்று எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான் என்பது ஒருவேளை உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கலாம்.

"அக்கா, நீங்க அன்னிக்குச் சொன்னதை எழுதிப் போட்டேனுங்க. அச்சுல வந்துருக்குது. பரிசும் குடுத்துருக்காங்க."

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் சட்டையைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "மெய்யாவா? வாசி, வாசி."

வாசித்தேன். நாய் என்று வந்த இடத்தில் ரங்காத்தாள் அக்கா கை தட்டினார். கடைசி வரிக்கு வந்தேன். அங்கே என் பெயர் இருந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனித்தாய், வேலம்பாளையம்" என்று வாசித்தேன்.

"அடியாத்தி" என்றார் அக்கா. "எங்கன இருக்கு எம்பேரு? காட்டு."

அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்று நினைத்தேன். விரலை வைத்து என் பெயரைக் காட்டினேன். "இங்கதானுங்கக்கா."

அவர் தன் இரண்டு விரல்களை அந்த வரியின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி ஓட்டினார்.

"நல்லா இருக்கு" என்றார். "இந்தத் தாளை எனக்குக் கிழிச்சுத் தாரியா?"

கொடுத்தேன். நாலாக மடித்துத் தூக்குவாளிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

மறுநாள் செய்தி பரவியிருந்தது. மருதாசலம் மேசைக்கே வந்தார். "ஏனுங்க சீனித்தாயி, பெரிய எழுத்தாளர் ஆயிட்டீங்களாமா? நம்ம கம்பெனி பேரையும் சேத்திப் போட்டிருந்தா துணி வாங்கற பாயர்கிட்டக் காட்டியிருக்கலாமுங்களே."

"எம்பேரு வந்ததே பெருசு சார்" என்றார் அக்கா. என் பக்கம் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து வந்த ராஜபாண்டி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னான். நான் ரிப்போர்ட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா, "வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அடுத்த நாளும் கேட்டான். "எம்புட்டுத் தடவைடா கேப்ப? எங்க வீட்டுக்காரரு பொட்டியில வச்சுப் பூட்டிட்டாரு, சாவி அவர்கிட்ட இருக்கு" என்றார். ஊருக்குப் போன அவசரத்தில் அந்த மாத நாவலை அவன் வாங்கியிருக்கவில்லை. விட்டுவிட்டான். நான் தப்பித்தேன் என்று மூச்சுவிட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அடுத்த மாதம் இலவசப் புத்தகம் வந்தது. அதே ஆதிரா, அதே நந்தகோபால், வேறு கொலை. மூன்று நாளில் வாசித்து முடித்தேன். ராஜபாண்டி சண்டைக் காட்சி போதாது என்றான். ரங்காத்தாள் அக்கா எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசினார். எல்லோரும் சீனித்தாய் அக்காவைப் பார்த்தோம்.

"நீயே சொல்லு தாயி. நீதான படிச்சவ" என்றார்.

நான் ஏதோ உளறினேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். கதையை அக்கா கேட்பார், முன்போல எந்த இடத்திலும் 'அடப்பாவி' என்று சொல்லமாட்டார், முடிந்ததும் தூக்குவாளியைக் கழுவ எழுந்து போய்விடுவார். ராஜபாண்டி ஒருநாள், "சீனியக்காவுக்குப் பேரு அச்சுல வந்ததும் பவுசு கூடிப்போச்சு, நம்மகூடப் பேசமாட்டேங்குது" என்றான். அக்கா அதற்கும் சிரித்தார்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ, மகள் வீட்டில் ஏதாவதோ என்றெல்லாம் யோசித்தேன். ஒரே ஒரு காரணத்தை மட்டும் யோசிக்காமல் இருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை. வழக்கம்போலப் பதிவேட்டை நீட்டினேன். முன்னால் நின்றவர்கள் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அக்காவின் முறை வந்தது. அவர் கையெழுத்தைக் கிறுக்குவதில்லை. பேனாவை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே ஏறாமல் எழுதுவார். சீ. னி. த். தா. ய். ஐந்து எழுத்து. இரண்டு வருடமாக, ஒவ்வொரு காலையும், என் கண்ணெதிரே, நான் நீட்டிய பதிவேட்டில், நான் கொடுத்த பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். இந்த உலகத்தில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. அவரிடம்தான் வேறொரு சொல்லைக் காட்டி 'இங்கதானுங்கக்கா' என்று சொல்லியிருக்கிறேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மேசைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தண்ணீர்த் தொட்டியருகே பிடித்தேன். "அக்கா, அந்தக் கடிதத்துல..." என்று தொடங்கி அழுதுவிட்டேன்.

"அழாத. எனக்கு அழுறவுகளைப் பாத்தா எரிச்சல் வரும்" என்றார். பைக்குள் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தார். மடிப்புகள் நைந்திருந்தன. பிரித்துக் காட்டினார். என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முனை 'அ. அனுசுயா'வைக் காட்டியது. ஓரங்களில் அழுக்கேறியிருந்தது, புதிதாக ஒட்டியதில்லை.

"அன்னைக்கே ஒட்டிட்டேன்" என்றார். "எம்பேரு இம்புட்டு நீளமில்லையே தாயி. ஊடால புள்ளி புள்ளியா வேற இருந்துச்சு. ஆல்டருக்கு வருவேன்னு பாத்தேன். நீ வரல."

"ராஜபாண்டி கேட்டப்ப ஏனுங்கக்கா சொல்லல?"

"சொன்னா உன்னைய விடுவாகளா? சத்தமா வாசிக்கிறவ நீ ஒருத்திதான் இருக்க. நீ போயிட்டா அப்புறம் கதைக்கு நான் எங்கன போக?" தாளை மடித்தார். "எம்பேச்சை எடுத்ததுகூடப் போகட்டும். என் விரலை வச்சுத் தடவ விட்டுப் பாத்துக்கிட்டு நின்னியே, அதுதான்."

அவர் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கேன். எம்பேரைப் போட்டிருந்தா அவுக அச்சடிச்சிருக்க மாட்டாகளோ? அதுக்காகத்தான் உம்பேரைப் போட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது நல்லெண்ணம்போல ஆகியிருக்கும். ஒரு நொடி அந்த வழி தெரிந்தது. "இல்லீங்கக்கா. நான் அப்படி யோசிக்கவே இல்ல. எனக்காகத்தான் போட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். அந்த 'சரி'க்குள் மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியருக்கு எழுதினேன். 'பங்குனியில் வந்த சிறந்த கடிதத்தின் கருத்து முழுவதும் செக்கிங் வேலை செய்யும் திருமதி சீனித்தாய் அவர்களுடையது. அதை என் பெயரில் அனுப்பியது என் தவறு' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி விரலை ஓட்டித் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவரே தேடினார். இரண்டாவது வரியில் கண்டுபிடித்தார். பிறகு பேனாவை வாங்கிக் கீழே அந்த ஐந்து எழுத்தையும் எழுதினார். ராஜபாண்டியிடமும் ரங்காத்தாள் அக்காவிடமும் நானே உண்மையைச் சொன்னேன். ராஜபாண்டி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "படிச்ச புள்ளையாட்டப் பண்ணியிருக்கற" என்றார் ரங்காத்தாள் அக்கா. அதற்கு மேல் அவர் திட்ட வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் புத்தகம் வந்தது. திருத்தம் வரவில்லை. பதிவுத் தபாலில் இன்னொரு கடிதம் அனுப்பினேன். ஆகஸ்டிலும் வரவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு எத்தனையோ கடிதங்கள் வரும். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? 'அ. அனுசுயா, பி.காம்.' என்று தட்டச்சு செய்த முகவரிச் சீட்டோடு புத்தகம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு எடுத்துப் போகும் முன் அந்தச் சீட்டை உரித்துவிடப் பார்ப்பேன். பசை முழுதாக விடாது.

செப்டம்பரில் வந்ததுதான் ஆறாவதும் கடைசியும். சாப்பாட்டு நேரத்தில் நான் பையிலிருந்து எடுத்ததும் சீனித்தாய் அக்கா கையை நீட்டினார். ஜூலையிலிருந்து இதுதான் வழக்கம். என்னிடம் வாசிக்கச் சொல்வதற்கு முன் 'வாசகர் மேடை' இருக்கும் இரண்டு பக்கத்தையும் அவரே பார்த்துவிடுவார். கையைத் துடைத்துக்கொண்டு, முதல் கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். வரி வரியாக இறங்கினார். அவசரமில்லை. ஒரு வரியையும் தாண்டவில்லை. 'சீ' போல ஏதோ தெரிந்த இடத்தில் விரல் நின்று, இல்லை என்று மேலே போனது. நாங்கள் மூன்று பேரும் அந்த விரலின் பின்னாலேயே போனோம். மருதாசலம்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது பக்கத்தின் கடைசி வரி முடிந்தது. புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"இல்ல" என்றார். "கதைய வாசி."

வாசித்தேன்.